உளுந்து போதும்

கட்டிலுக்கடியில் கிடந்தபடி அன்றைக்கு
நூற்றிப்பதினேழு வரை எண்ணினேன்.
முதலில் ஒரு முறிவு, விறகு பிளப்பதுபோல்.
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
பிறகு மண் அதிரும்.
நடுவில் இருக்கிறதே அந்தக் கொஞ்ச நேரம்,
அதற்குள்தான் படுத்திருக்கிறேன்
கஜா கரை கடந்த நாளிலிருந்து.

தோப்பு போனது போகட்டும்.
எண்ணிக்கை போகவில்லை.
பேராவூரணியை விட்டுப் பட்டுக்கோட்டைக்கு
மாடி வீடு பார்த்து வந்த பின்னும்
இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து
நூற்றிப்பதினெட்டுக்குக் காத்திருப்பேன்.
தையல்நாயகி முதுகில் கை வைப்பாள்.
ஒருமுறை கத்திவிட்டேன்.
அதிலிருந்து ‘நான்தான்’ என்று
சொல்லிவிட்டுத்தான் வைக்கிறாள்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா
மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு,
மெல்லிய சத்தம் ஏதாவது ஓடவிட்டுத்
தூங்கிப் பாருங்கள் என்றார்.
மகள் செல்போனில் ஏற்றினாள்.
மனதுக்கு இதமான ஓசைகள், மொத்தம் நாற்பது.

முதலாவது, தகரத்தின் மேல் மழை.
எங்கள் தகரம் எந்த ஊரில் போய் விழுந்ததென்று
இன்னும் தெரியாது.
இரண்டாவது, கடல்.
மல்லிப்பட்டினத்தில் ஒருத்தனும்
அதைத் தூங்குவதற்குக் கேட்கமாட்டான்.
மூன்றாவதன் படம் வந்ததுமே
அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.
தென்னந்தோப்பில் இளங்காற்று.
செய்தவன் நல்ல மனுஷனாகத்தான் இருப்பான்.
அவன் ஊரில் மரங்கள் நிற்கின்றன போல.

புல்லாங்குழலும் வைத்துப் பார்த்தோம்.
கல்யாண மண்டபத்தில் பந்திக்கு
உட்கார்ந்திருக்கிற மாதிரி
பசிதான் எடுத்தது.

கீழே ரெஜினா மெஸ்.
தை பிறந்ததும் ஏதோ கேன்டீன் ஆர்டர் என்று
ராத்திரி பதினொரு மணிக்கு
கிரைண்டர் போட ஆரம்பித்தார்கள்.
பட்டை தேய்ந்த பழைய கிரைண்டர்.
கல் சுற்றும், சுற்றுக்கு ஒருதரம் இடறும்.
மனுஷன் தூங்க வேண்டாமா என்று
சண்டை போடக் கீழே போனவள்
திரும்பி வந்து பார்த்தபோது
நான் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தேனாம்.
மறுநாள் பத்தே முக்காலுக்கே இறங்கிப் போய்
இன்னுமா போடலை என்று கேட்டிருக்கிறாள்.

அதில் அப்படி என்ன இருக்கிறது
என்று டாக்டரம்மா கேட்டார்.
பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.
அன்றைக்கு முதலில் போனது கரண்ட்.
ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது,
வயல் பக்கம் மோட்டார் நின்றது.
நின்ற பிறகுதான் தெரிந்தது
இத்தனையும் ஓடிக்கொண்டிருந்தது என்று.
கிரைண்டர் சுற்றுகிறதென்றால்
கம்பங்கள் நிற்கின்றன.
கம்பி அறுபடவில்லை.
நாளைக்குக் காலையில் யாரோ
இட்லி சாப்பிடப் போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெஸ் கிடையாது.
அதற்கென்று அவள் கீழே உட்கார்ந்து
நாற்பது நிமிஷம் பதிவு செய்து வந்தாள்.
பாதியில் ரெஜினா இருமுவார்.
‘உளுந்து போதும், வழிச்சிடு’ என்பார்.
இதெல்லாம் மகள் சொல்லித்தான் தெரியும்.
அதுவரைக்கும் நான் விழித்திருந்ததில்லை.

நேற்று காற்று.
கரண்ட் போய்விட்டது.
போனில் பதினொரு சதவீதம்.
வைத்தாள். கல் சுற்றியது, இடறியது.
நான் வேறு பக்கம் எண்ணிக்கொண்டிருந்தேன்.
இருமல் வந்தது.
உளுந்து போதும் என்ற குரலும் வந்தது.
அப்புறம் கிரைண்டரை நிறுத்திவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

அவள் ‘நான்தான்’ என்றாள்.
கையை வைத்தாள்.
சட்டி நகர்கிற சத்தம்.
கல்லை வழிக்கிற சத்தம். தண்ணீர்.
பிறகு அரிசி விழுந்தது,
படியால் அள்ளி அள்ளி,
மண் அதிரவில்லை.
மறுபடி சுற்ற ஆரம்பித்தது கல்.

அதற்குப் பிறகு அதில் என்ன இருக்கிறது
என்று காலையில் அவளைக் கேட்டேன்.
தெரியலையே என்றாள்,
தலையணைக் கோடு விழுந்த கன்னத்தோடு.